வாட்டத்தில் விட்ட மல்லி

திங்கள், காலை 7:10
மல்லிகைத் தொட்டிக்குத் தண்ணீர் நேற்று மாலையோடு நிறுத்தப்பட்டது. தகவல்: சடையாண்டி, துளைக்கருவி இயக்குபவர், நிலக்கோட்டைக்காரர். கிளைகளைக் கவாத்து செய்து இலைகளையும் உருவிவிட்டார்.

நிலவின் தென்முனையில் நாங்கள் மூவர். சடையாண்டி, மருத்துவர் பெனிட்டா, இந்தப் பதிவை எழுதும் இசக்கியம்மாள். பாறைக்குள் உறைந்த நீரை வேரால் தேடிப் பிடிக்க உருவாக்கிய மல்லி ரகம் இது. சோதனையில் மிஞ்சிய ஒரு செடியைப் பூவுக்காக நாங்கள் தங்கும் வீட்டறையில் வளர்க்கிறோம். கட்டுப்பாட்டு அறை வானொலியில் கேட்டது:

"அண்ணே, மொட்டை அடிச்சு வெச்சிருக்கீங்க. செத்துராதா?"

"ஊர்ல இப்படித்தான் டாக்டரம்மா. மண்ணு வெடிக்கிற வரைக்கும் காயப்போட்டு, அப்புறம் ஒரு தண்ணி. பாருங்க, தலையில வைக்க எடமில்லாம ஓடுவீங்க."

வியாழன், பகல் 1:40
மல்லிகைத் தொட்டியின் அடிப்பாகம் உடைந்துவிட்டது. நேரில் பார்த்தேன். வேர்கள் தரைக்கடியில் போய்க் குடிநீர்க் குழாயைப் பிளந்திருக்கின்றன. ஒழுகலை நிறுத்தக் குழாயை அடைத்தோம். சரியான வேலை என்றே மூவரும் நினைத்தோம்.

வெள்ளி, காலை 8:25
வீட்டறையில் தூங்கிய பெனிட்டாவின் இடது கெண்டைக்காலுக்குள் வேர் நுழைந்திருக்கிறது. ஆதாரம்: அவருடைய அலறல். குழாயை அடைத்த பிறகு அந்த அறையில் ஈரமுள்ளது அவர் உடல் மட்டும்தான். இதை நேற்றே யோசித்திருக்க வேண்டும். சடையாண்டி ரம்பத்தோடு உள்ளே போனார். நான் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறேன்.

"இழுக்காதீங்கண்ணே! கொக்கி மாதிரி சதையப் பிடிச்சிருக்கு!"

"இழுக்கல தாயி. அறுக்குறேன். கண்ண மூடிக்க."

அறுபட்ட முனைகளில் உடனே புது வேர்கள் வெடித்துக் கிளம்பின. ஒன்று சடையாண்டியின் மணிக்கட்டில் நுழைந்து முழங்கை வழியாக வெளியே வந்தது. அவர் தன் கையையே அறுக்கத் தொடங்கினார். எலும்பில் ரம்பம் ஏறும் சத்தம் வானொலியில் தெளிவாகக் கேட்டது.

"இசக்கியக்கா, மல்லிய வெட்ட வெட்டத் தழைக்கும். தெரிஞ்சும் வெட்டிட்டேன் பாருங்க, மடப்பய."

வெள்ளி, காலை 9:40
சடையாண்டி இறந்துவிட்டார். ஆதாரம்: அறைக் கேமரா. வேர் தொண்டையில் இறங்கியது. உடல் காய்ந்த தோல்பை போல் சுருங்கிக் கிடக்கிறது. செடியில் தளிர் விட்டிருக்கிறது. பெனிட்டாவுக்கு உயிர் இருக்கிறது. அவரைக் காப்பாற்ற ஒரே வழி, அடைத்த குழாயைத் திறந்து, குடிநீர் சேமிக்கும் பெரிய தொட்டித் தண்ணீர் முழுவதையும் அந்த அறைக்குள் விடுவது. வேர் அந்தப் பக்கம் திரும்பலாம்.

"வேண்டாங்கா. குழாய் வழியா அது உங்க பக்கம் வந்துரும்."

"வாயை மூடிட்டு காலை ஆட்டாம கெட."

வெள்ளி, காலை 10:20
திறந்துவிட்டேன். வேர் காலை விட்டுத் தண்ணீருக்குப் போனது. கெண்டைச் சதையில் பாதி அதோடு போய்விட்டது. பெனிட்டா தவழ்ந்து அறையைத் தாண்டினார். கேமராவில் பார்த்தேன். தளத்தை விட்டு வெளியேறும் வெளிக்கதவுக் கூண்டில் விண்வெளிக் காப்புடையும் வண்டியும் இருக்கின்றன. அண்டைத் தளத்துக்குத் தகவல் கொடுத்தாயிற்று.

"அக்கா, நீங்களும் வாங்க. நான் நிக்கிறேன்."

"நிக்காத. போ. நான் கையெடுத்தா தண்ணி நின்னுரும்."

வெள்ளி, காலை 10:45
பெரிய தொட்டி என் அறைத் தரைக்குக் கீழே இருக்கிறது. அது காலியாகிவிட்டது. தரைத்தகடு பிளந்தது. வலது குதிகால் வழியாக ஒன்று ஏறியிருக்கிறது, விரல் பருமன். நாற்காலியோடு சேர்த்துத் தைத்துவிட்டது. கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வெட்டவில்லை.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: எந்த வேரையும் வெட்டாதீர்கள். தண்ணீர் காட்டி விலக்குங்கள்.

10:56
தொடை வரை. எழுத்து கோணலாக

தெரியாதது ஒன்று. பெனிட்டா கிளம்பிவிட்டாரா. கூண்டின் வெளிக்கதவு திறந்தால் என் மேசை விளக்கு சிவப்பிலிருந்து பச்சையாகும். காப்புடை போடும் நேரத்தைக் கணக்கிட்டால் பதினொரு மணிக்குள் தெரிய வேண்டும்.

10:59. சிவப்பு.