போஸ்டரில் மட்டும் கராத்தே

ஞாயிறு, ராத்திரி.

படமா அது? போஸ்டர்ல கதாநாயகி வெள்ளை டிரெஸ்ஸும் கருப்பு பெல்ட்டுமா காலை வீசி நிக்கிறா. அதை நம்பித்தான் இவரையும் பொண்ணு கவியையும் அரியலூர் தியேட்டருக்கு இழுத்துட்டுப் போனேன். பொண்ணு பெரியவளாயிட்டா, கராத்தே கிளாஸ் போதும்னு ஒரு மாசமா முரண்டு புடிக்கிறாரு. படத்தைப் பாத்தாவது மனசு மாறுவாருன்னு நெனச்சேன். என் புத்தியச் சொல்லணும்.

படம் முடியிற வரைக்கும் ஒரு குத்து கிடையாது, ஒரு உதை கிடையாது. எல்லாத்துக்கும் துப்பாக்கி. வில்லன் மணிக்கட்டைப் புடிச்சதும் அந்தக் கருப்பு பெல்ட்டுக்காரி "காப்பாத்துங்க"ன்னு அலறுறா. ஹீரோ வந்து சுடுறான். தியேட்டரே விசிலடிக்குது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

திரும்பி வர்றப்ப விக்கிரமங்கலம் பஸ்ல இவருக்கு ஒரே சிரிப்பு. "பாத்தியா? பெல்ட் வாங்குனவளே ஆம்பளையத்தான் கூப்புடுறா. இனிமே கிளாஸ் வேணாம்."

நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள கவி கையை நீட்டுனா. "அந்த வில்லன் மாதிரி இறுக்கிப் புடிங்கப்பா."

புடிச்சாரு. சிமெண்ட் மூட்டை தூக்குற கை. அவ ஒரே திருப்பு திருப்பி உருவிக்கிட்டா. "இன்னொரு தடவை"ன்னாரு. மறுபடியும் உருவிக்கிட்டா. "இது மொத மாசமே சொல்லிக் குடுத்ததுப்பா. அவளுக்கு ஏன் தெரியல?"

இவரு வூட்டுக்கு வந்து கட்டைவெரலைத் தடவிக்கிட்டே படுத்துட்டாரு.

கவியோட வெள்ளை டிரெஸ்ஸைத் துவைச்சுக் காயப் போட்டுட்டேன். காலைல இவரு கிளாஸ் வேணாம்னு சொல்லிப் பாக்கட்டும்.