எஜமானின் நான்காவது வாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் இப்போதாவது மாடிப்படி ஏற விடுகிறதா? அம்மாவின் இருமல் நின்றதா?

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. ஓர் அடிமையை எஜமான் விலங்கிட்டுக் கப்பலேற்றிய வழக்கையும், நீதிபதி அவனை விடுவித்த தீர்ப்பையும் நடத்தினேன். எஜமான் தரப்பு வாதங்கள் மூன்றைப் பலகையில் எழுதினேன். எங்கள் முதல்வர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பள்ளி விளம்பரத்துக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தீர்ப்பு வந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தால் முதலைக்கே வெட்கம் வரும். என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்த ஆசிரியர்களின் பாஸ்போர்ட்டுகள் எல்லாம் அவருடைய இரும்பு பீரோவில்தான் இருக்கின்றன.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள். "மிஸ், நீங்க நெனச்சா நாளைக்கே ஊருக்குப் போக முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முதல்வர் முந்திக்கொண்டார். "அவங்க பாஸ்போர்ட்ட நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்மா. கையில குடுத்தா தொலைச்சிடுவாங்க. எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்."

அவள் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். மாலையில் நோட்டு திருத்தும்போது பார்த்தேன். எஜமானின் வாதங்கள் என்ற தலைப்பின் கீழ் நான்காவதாக, "எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்" என்று இருந்தது. சரி போட்டேன். அந்த நோட்டில் முதல்வரும் கையெழுத்திட்டுவிட்டார். மனிதர் எதையும் படிப்பதில்லை, கவலைப்படாதீர்கள்.

தங்கை கல்யாணத்துக்கு விடுப்பு கேட்டிருக்கிறேன். எனக்கும் ஒரு புடவை எடுத்து வையுங்கள். வீட்டில் என் பழைய பெட்டியில் பாஸ்போர்ட்டின் நகல் இருக்கும், அனுப்புங்கள். நம் தூதரகத்தில் அதன் எண்ணைக் கேட்டார்கள், எனக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்