இடுப்பில் ரெண்டு இஞ்ச்

தூங்குற உன்னை எழுப்ப எனக்கு முகம் இல்லை, கடைக்குக் கிளம்பிட்டேன். முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். நேத்து ராத்திரி மாதிரி பட்டினி கிடக்காதே, தாயே.

நேத்து உன் தங்கச்சி முன்னாடி, "பி.எம்.ஐ. அட்டைப்படி நீ இன்னும் குண்டுதான், அஞ்சு கிலோ குறைச்சே ஆகணும்"னு சொன்ன என் நாக்குல சூடு போடணும். பிடிச்சுத் தைக்கச் சொல்லி நீ ஊசி குத்தி வச்சிருந்த பேன்ட்டை இன்னைக்குத்தான் கையில எடுத்தேன். இடுப்புல முழுசா ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு! எடை இறங்காததுக்குக் காரணம் நீ தினமும் போற நீச்சல்ல ஏறின தசையாத்தான் இருக்கும். உயரத்தையும் எடையையும் மட்டும் பாக்குற அட்டைக்கு எது தசை, எது கொழுப்புன்னு என்ன தெரியும்?

அதே அட்டையில நான் 'சரியான எடை'. என் பேன்ட்டை இடுப்புல ரெண்டு தடவை பிரிச்சுப் பெருசாக்கினது எனக்குத்தானே தெரியும்! நாள் பூரா கழுத்துல டேப்போட அலையிற டெய்லர், பொண்டாட்டியை மட்டும் அட்டையை வச்சு அளந்திருக்கேன். வெக்கமா இருக்கு.

பேன்ட் தைச்சுக் கதவுல மாட்டியிருக்கேன். ஸ்கூட்டர் சாவி ஜன்னல்ல, நீ எடுத்துக்கோ. நான் பஸ்ல போறேன்.

இன்னொண்ணு: கிலோ கணக்கு இனி வேணாம், டாக்டரைக் கேட்டுக்கலாம். டேப் மேசை மேல இருக்கு. ராத்திரி என் வயித்தை நீ அள. மூச்சை உள்ள இழுக்க மாட்டேன்.