என் வலது காதுக்கு வந்த பிரசங்கம்

இன்று காலை புலாவ் செய்யக் கிராம்பு டப்பாவைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசனை அடித்தது. கோயிலுக்குக் கிளம்பும்போது ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொள்வீர்கள். பிரசங்கம் முழுக்க மனைவியின் காதருகே பேசப் போகிறவர் அல்லவா, அந்த மரியாதை. பாலாநகர் தொழிற்சாலையில் ஆயுசு பூராவும் இயந்திரங்களோடு கத்திக்கொண்டிருந்தவருக்கு இந்த நாசூக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. டப்பாவை மூடிவிட்டுக் கிராம்பே போடாமல் புலாவ் செய்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

நம் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருநெல்வேலியிலிருந்து வந்து திருமுல்கேரியில் குடியேறிய முதல் ஆட்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். எனக்கு இடது காது முழுதாகப் போய், வலதும் மந்தமான பிறகு பெண்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் எழுந்தால் எழுவேன், சிரித்தால் சிரிப்பேன். காது மெஷினோ ஒலிபெருக்கி பக்கத்தில் போனாலே கீச்சென்று கத்தும். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், பிரசங்கம் எப்படி என்று கேட்டீர்கள். எனக்கு எங்கே கேட்கிறது என்றேன். அடுத்த ஞாயிறு நடைபாதையைத் தாண்டி வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டீர்கள்.

“எல்லாரும் பாக்காவ. எந்திச்சுப் போங்க.”

“பாக்கட்டும். உனக்குக் கேக்கணும்லா?”

எனக்கு உயிரே போய்விட்டது. பெஞ்சிலிருந்த பெண்கள் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த வாரமே சபை மூப்பர் நம் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துவிட்டு, ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது, இன்றைக்கு நீங்கள் செய்தால் நாளைக்கு எல்லாரும் செய்வார்கள் என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டீர்கள். அவருக்கும் தெரியவில்லை, போதகருக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் நீங்கள் புரட்சிக்காரர் ஒன்றும் இல்லை. அடுத்த வீட்டில் என்ன ஃபிரிட்ஜோ அதுதான் நம் வீட்டிலும் வர வேண்டும். ஊர் போகிற வழியில் போவதில் உங்களுக்கு ஒரு நிம்மதி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

மூப்பர் சொன்னது பலித்தது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி சேர்ந்து உட்கார்ந்தது, அப்புறம் இன்னொன்று. இப்போது மூப்பரே மனைவியோடுதான் உட்காருகிறார். யார் ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, ஜோடி ஜோடியாக இருக்கிற இடத்தில் நான் மட்டும் பல் விழுந்த இடம்போல இருந்தேன். உங்கள்மேல் கோபம்கூட வந்தது. பழைய வழக்கமே இருந்திருந்தால், பெண்களோடு பெண்ணாக நானும் இருந்திருப்பேன்.

கணவரை இழந்தவர்கள் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்காருவார்கள். அதுவும் எங்கும் எழுதப்பட்டதல்ல. எஸ்தர் அக்கா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கே தனியாக எதற்கு, எங்களோடு வந்துவிடு என்றாள். சில வாரம் போனேன். பொய் சொல்லக்கூடாது, இதமாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு தோள் இருந்தது, பெப்பர்மின்ட் கைமாறியது. ஆனால் ரோட்டில் போகும் ஆட்டோ சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. மறுபடி எல்லாரும் எழுந்தால் எழுந்தேன். கூட்டம் யாரையும் கட்டிப்போடுவதில்லை என்று அங்கேதான் புரிந்தது. அந்தக் கதகதப்பை விட்டு எழுந்திருக்க நமக்குத்தான் மனம் வருவதில்லை.

போன ஞாயிறு எழுந்துவிட்டேன். பிரசங்க பீடத்துக்கு நேர் கீழே, அன்றைக்கு முறை உள்ள மூப்பர்கள் மட்டும் உட்காரும் முதல் பெஞ்சுக்குப் போனேன். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை. ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

கேட்டது. ஏறக்குறைய எல்லாமே கேட்டது. கேட்கக் கேட்க எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசங்கம் இவ்வளவு நீளமா? சொன்னதையே திரும்பச் சொல்கிறார், எங்கோ ஆரம்பித்து எங்கோ போகிறார். நீங்கள் இதையா எனக்கு அத்தனை அழகாகச் சொன்னீர்கள்? வேண்டாததைத் தள்ளி, நல்லதை எடுத்து, நடுநடுவே உங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்திருக்கிறீர்கள். அடப்பாவி மனுஷா என்று வலப்பக்கம் திரும்பினேன். மூப்பர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. உங்களோடு சண்டை போடுவதற்கு இவ்வளவு நல்ல காரணம் கிடைத்து, நீங்கள் இல்லை.

ஆராதனை முடிந்து கேட் பக்கம் எஸ்தர் அக்கா வந்தாள். கூச்சமாக இல்லையா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் ஒட்டி நின்றாள்.

“இன்னைக்கு என்னதான் சொன்னாரு? பின்னால எனக்கு ஒண்ணும் கேக்காதுட்டி.”

எத்தனை வருஷமாக அந்த பெஞ்சில் இருக்கிறாள். அடுத்த வாரம் முன்னால் என்னோடு வந்துவிடுங்கள் என்றேன்.

“நக்கோ நக்கோ, வேண்டாம்ட்டி. எல்லாரும் என்ன நினைப்பாவ.”

அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள் காதுப்பக்கம் குனிந்து சொல்ல ஆரம்பித்தேன். நீளமாக இருந்ததை வெட்டினேன், நல்லதாக இருந்த ஒன்றிரண்டை எடுத்தேன், அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன். அக்கா கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு ரொம்ப நல்ல பிரசங்கம்” என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தேன்.