ஏறி மிதிக்கச் சொன்னது நீதான்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. உனக்குப் படைக்க, ஏரிக்கு நடுவில் இருக்கும் நம் ஊர் பசியாவரத்துக்கு வந்திருந்தோம். இறால் தொக்கும் நண்டுக் குழம்பும் வைத்தோம். காக்கை வந்து சோற்றைத் தொட்டதும் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் உன் தங்கை, என் அத்தை, பக்கத்து வீட்டுக்காரியிடம் என் மகள் பவித்ராவைக் காட்டினாள். "இதாம்மா, தாத்தன் முதுவுல குதிச்சு அவர படுக்கையில போட்ட பொண்ணு."

பவித்ரா கையிலிருந்த சோற்றை இலையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு எட்டு வயது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாதே, சொல்லிவிடட்டுமா? நான் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவள். கால் மாறிப் பிறந்த பிள்ளை ஏறி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஓலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாளெல்லாம் ஏரியில் குனிந்து கையால் இறால் தடவுகிற ஊரில் இடுப்பு வலிக்கா பஞ்சம்? நான் நடக்கப் பழகியதுமே என்னைத் தூக்கி ஊரார் முதுகில் நிறுத்தினாய். ஆரம்பாக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். "எம் பொண்ணு காலு பட்டா எந்திரிச்சு ஓடுவான்" என்று மார்தட்டிக்கொண்டாய்.

ஏரிக்கரையில் இருக்கும் பழைய டச்சுக் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை எனக்குக் காட்டியதும் நீதான். "டச்சுக்காரன் பூட்டான், எலும்பு இன்னா கெட்டியா நிக்குது பாரு. நீ மிதிக்கிறது இதத்தான்" என்றாய். அந்தக் கல் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்ததில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

முதுகுத்தண்டு பார்க்கிற சர்ஜனாகச் சென்னையில் பாதி ஆயுள் போய்விட்டது. ஸ்கேன் கவரை நீட்டுகிறவர்களிடம், அது இருக்கட்டும், முதலில் நடந்து காட்டுங்கள் என்பேன். குதிகாலில் நடக்கச் சொல்வேன், பிறகு நுனிக்காலில். கால் கட்டைவிரலை என் கைக்கு எதிராகத் தூக்கச் சொல்வேன். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்பேன். படத்தில் எலும்புக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் நான் யாரையும் அறுத்ததில்லை. காலில் பலம் இருந்தால் பொறுங்கள், நடங்கள், பெரும்பாலும் தானாக ஆறிவிடும் என்று அனுப்பிவிடுவேன். உனக்கு அதில் ஒரே கேவலம். "இத்தன வருசம் படிச்சுட்டு கத்திய எடுக்காம அனுப்புறாளே, இன்னா டாக்டரு இவ" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய்.

பவித்ராவும் என் வயிற்றில் கால் கீழாகவே இருந்தாள். சிசேரியன் செய்து எடுத்தார்கள். அது சேர்த்தியில்லை என்று அத்தை சொன்னதும் நீ சண்டைக்குப் போனாய். "வயித்த அறுத்து எடுத்தா இன்னா? காலு கீழதானே இருந்துச்சு?" அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

உனக்கு வந்தது சாதாரண முதுகு வலி இல்லை. மாலையானால் காய்ச்சல், உடம்பு பாதியாகிவிட்டது, கால் தடுமாறியது. காசநோய் உன் முதுகெலும்பை அரித்து, சீழ் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் நான் அவ்வளவு வேகமாகக் கத்தி வேண்டும் என்று சொன்னதில்லை. பெற்றவரை அறுக்க எனக்குக் கை வராது, என் சீனியர் செய்வதாக ஏற்பாடு. மறுநாள் காலை ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலம் வருகிறேன் என்று அடம்பிடித்து என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாய்.

"எல்லாருக்கும் வேணான்னு சொல்ற, பெத்தவனுக்கு மட்டும் கத்தியா? ஒருவாட்டி ஏறி மிதிம்மா, சரியாப்பூடும்" என்று கேட்டாய். உன் எலும்பு ஊறின சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது நைனா, மிதித்தால் நொறுங்கிவிடும் என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அந்த மத்தியானம் விபத்துக் கேஸ் ஒன்று வந்ததால் நான் போக வேண்டியிருந்தது. வேலைக்கார அம்மா கடைக்குப் போயிருந்தாள். நீ தரையில் இறங்கிக் குப்புறப் படுத்து, பள்ளிவிட்டு வந்த குழந்தையைக் கூப்பிட்டாய். ஆம்புலன்ஸில் நீயே என்னிடம் சொன்னாய். "நான்தாம்மா ஏறச் சொன்னேன். அது பயந்துச்சு. நல்லா அழுத்தி மிதின்னேன். அப்புறம் காலு ரெண்டும் இருக்கிறதே தெரியலம்மா." அன்றைக்கே அறுவை செய்தார்கள். காலுக்கு உயிர் திரும்பவில்லை; அதற்குப் பிறகு நீ படுக்கையைவிட்டு எழவே இல்லை.

ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் என்ன சொன்னாய்? "புள்ள விளையாட்டா மேல குதிச்சிருச்சு." பவித்ரா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மிதித்தால் தீரும் என்று காலமெல்லாம் சொன்ன உன் பேச்சு பொய்யாகக் கூடாது, அதற்கு அப்போது ஆறே வயதான பிள்ளையைப் பலி கொடுத்தாய். எப்படி மனசு வந்தது? தனியாக இருக்கும்போது கேட்டேன். "சாவப் போறவன், உட்டுடும்மா" என்றாய். உன் முதுகில் எலும்பு தெரியுமளவுக்குப் படுக்கைப் புண். அதைக் கழுவிக்கொண்டே எப்படிச் சண்டை போடுவது? உன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை நைனா. அதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

உன் பேத்தி இப்போது வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுத்தான் நடக்கிறாள். தூங்கும்போது என்மேல் கால் பட்டுவிடக் கூடாது என்று சுவரோரம் ஒடுங்கிக்கொள்கிறாள். படையல் முடிந்து திரும்பும்போது படகில் கேட்டாள். "அம்மா, தாத்தா ஏறச் சொன்னாரா, நானா குதிச்சேனா? எனக்கே இப்ப சரியா தெரியல."

உன் பொய் அவளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. ஒருநாள் அவள் அடுத்த கேள்வியையும் கேட்பாள். நான் ஏறாமல் இருந்திருந்தால் தாத்தா நடந்திருப்பாரா? நடந்திருப்பாய். எந்த நோயாளியிடமும் நான் பொய் சொன்னதில்லை, அவளிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறச் சொன்னது யார் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்வேன்.

ஒரு வாக்குத் தருகிறேன். வருஷம் தவறாமல் வந்து உனக்குப் படைப்பேன். தொக்கில் உனக்குப் பிடித்த மாதிரி காரம் தூக்கலாகப் போடுவேன். படைத்த கையோடு, ஊர் ஜனம் முன்னால், ஏறி மிதிக்கச் சொன்னது நீதான் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். என் மகள் வெறுங்காலோடு உன் வாசலில் நடக்கிற வரைக்கும் சொல்வேன். அந்தப் பிள்ளையால் இந்தப் பழியை இதற்குமேல் தூக்க முடியாது. நீ தூக்கிக்கொள்.

உன்னை மிதிக்க மாட்டேன் என்று சொன்ன
உன் மகள்