பேர் ஒட்டாத துணி

ஆசிரியர் சங்க அலுவலகத்து இரும்பு பீரோவைத் திறந்ததும் பாச்சை உருண்டையும் காய்ந்த மைதாப் பசையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அடித்தட்டில் அந்தச் சிவப்புத் துணி கிடந்தது. நீ கண்ணை மூடி இரண்டு பங்குனி ஆகிவிட்டது, ஏளா. உன் எழுத்து மட்டும் இன்னும் வெளுக்கவில்லை. "ஆசிரியர்" என்று ஒரு சொல், அப்புறம் ஒரு முழம் வெற்றிடம், அதற்கப்புறம் "மீதான பழிவாங்கலைக் கைவிடு!" யாருக்குப் பிரச்சினையோ அவர் பேரை வெள்ளைத் தாளில் எழுதி அந்த இடத்தில் ஒட்டுவோம். தீர்ந்ததும் கிழித்துவிடுவோம். "கலியாண வாடகைப் பந்தல் மாதிரிளா, மாப்பிள்ள பேருதான் மாறும்" என்று கிண்டலடிப்பாய்.

சங்கத்தைத் திட்ட இதை எழுதவில்லை. உன் பேறுகால விடுப்பைத் தலைமையாசிரியர் நிறுத்திவைத்தபோது அந்தத் துணியில் ஒட்ட உன் பேரையே நீ எழுதினாய். வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்து, "என் பேர நானே எழுதி, நானே கோஷமும் போடணுமாக்கும்" என்று சிரித்தாய். அந்த வாரமே உத்தரவு வந்தது. கணக்கு டீச்சர் எனக்கும் டிராயிங் டீச்சர் உனக்கும் சங்கம் என்பது தாய்வீடு மாதிரிதான் இருந்தது.

அப்புறம்தான் அவன் விஷயம் வந்தது. நம்மோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீ குடித்தவன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, அவன் தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதைத் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா மீன் ஏலக்கூடத்திலிருந்து நேரே கல்வி அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. நம் வழக்கம்தான் தெரியுமே, முதலில் கல்வி அலுவலக வாசலில் நிற்பது, என்ன ஏது என்று கேட்பதெல்லாம் பிறகு.

"நம்ம ஆளு நம்மள நம்பி வந்திருக்கான். நாம நிக்காம வேற எவன் நிப்பான்?" என்றார் செயலாளர் அண்ணாச்சி.

"அந்தப் பிள்ளையும் நம்மள நம்பித்தான அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு?" என்று கேட்டாய். ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்று தூக்கிய கைகள் உன்னுடையதும் என்னுடையதும்தான். தீர்மானம் நிறைவேறிவிட்டது. தாளையும் பிரஷையும் உன்னிடம் நீட்டினார்கள்.

"எழுத மாட்டேன். நாளைக்கு அந்தப் பிள்ள விசாரணைக்கு அந்த வாசல் வழியாத்தான் போகணும். வாசிக்கத் தெரிஞ்ச பிள்ள. நாமதான வாசிக்கச் சொல்லிக் குடுத்தோம்? என்னைக் காப்பாத்துன துணி இது, அவளுக்கு எதிரா இதுல ஒரு எழுத்து எழுத என் கை வராது."

பிரஷையும் மைப்புட்டியையும் உன் பைக்குள் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறிவிட்டாய். மறுநாள் உன்னைப்போல் எழுத ஆள் கிடைக்காமல், பேர் ஒட்டாமலேயே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என்ன பிரயோசனம்? கூட்டத்தைப் பார்த்தே அந்தக் குடும்பம் பயந்துபோனது. சொந்தக்காரர்களும் நெருக்கினார்கள். புகார் திரும்பப் பெறப்பட்டது. அவனைத் திருச்செந்தூருக்குத் தெற்கே இன்னொரு கடலோரப் பள்ளிக்கு மாற்றினார்கள். சங்கத்துக்கு வெற்றி என்று லட்டு வந்தது. அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவேயில்லை. "இங்கன இருந்து அங்கன மாத்திட்டா சரியாப் போச்சா? அங்கன உள்ளதெல்லாம் பிள்ளைக இல்லியா?" என்று பஸ்ஸில் ஊர் வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தாய். அதற்கப்புறம் உன்னை யாரும் எழுதக் கூப்பிடவில்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நீ சொன்னது பலித்துவிட்டது, பாவி மகளே. போன மாதம் அந்தத் தெற்குப் பள்ளியில் அவன்மேல் போக்சோ வழக்கு. கைதாகிவிட்டான். இப்போது செயலாளர் நாற்காலியில் நான் இருக்கிறேன். எனக்கு வந்த முதல் போன், "வாசல்ல என்னைக்குக் கூடணும் டீச்சர்?" என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைக் கூட்டினேன். வழக்கு முடியும்வரை அவன் உறுப்பினர் இல்லை. பிள்ளைகள் தரும் புகாருக்கு எதிராகச் சங்கம் கூட்டம் கூட்டாது. அப்படி ஒரு விஷயம் காதுக்கு வந்தால் மூடி மறைக்காமல் சங்கமே போலீசுக்குச் சொல்லும். இதுதான் நான் கொண்டுபோன தீர்மானம்.

"நாளைக்கு உங்க மேலயே பொய்ப் புகார் வந்தா என்ன செய்வீங்க?" என்று ஒரு தம்பி எகிறினான்.

"வக்கீல் வச்சு கோர்ட்டுல சொல்லுவேன். பச்சப்பிள்ள போற வழியில நின்னு கத்த மாட்டேன்லே."

இழுபறியில் நிறைவேறியது. கூட்டம் முடியுமுன்பே சிலர் ராஜினாமா என்று எழுந்து போனார்கள். அதில் நம்மோடு ஒரே பஸ்ஸில் பத்து வருஷம் வந்தவளும் உண்டு. ஜெயித்த மாதிரியே இல்லை. ஒரு சின்ன விஷயத்துக்கு, செய்தே தீரவேண்டிய விஷயத்துக்கு, இத்தனை வருஷமும் இத்தனை மல்லுக்கட்டுமா? அலுத்துவிட்டது, ஏளா.

மறுநாள் தீர்மானத்தைச் சங்க வாசல் பலகையில் ஒட்டினேன். ஒட்டுமுன் ஒரு பிள்ளை வாசிப்பதாக நினைத்து வாசித்துப் பார்த்தேன், நீ பழக்கிவிட்டது. சாயங்காலம் துறைமுகச் சாலையில் லாரிப் புழுதி அடங்காத நேரம், ஒரு பெண் பலகை முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். இறால் கம்பெனி வேனில் வந்து இறங்கியவள், தலையில் வலைத்தொப்பியைக்கூட இன்னும் கழற்றவில்லை. முகம் பிடிபடவில்லை. "டீச்சர்" என்ற குரலில்தான் தெரிந்தது. அதே பிள்ளை.

"இத அப்பமே எழுதியிருக்கலாம்லா டீச்சர்?"

கூடவே கேட்டாள், "டிராயிங் டீச்சர எங்க?" நீ இல்லாமல் போனதைச் சொன்னேன். வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அம்மா கையப் பிடிச்சிட்டு உள்ள போகும்போது தலையத் தூக்கவே பயமா இருந்துச்சு டீச்சர். தூக்கிப் பாத்தா துணியில பேரு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக் கெடந்துச்சு. யாரோ ஒருத்தங்க எழுத மாட்டேன்னுட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். அவ்வளவு கூட்டத்துலயும் நம்மள நம்புற ஆளு ஒண்ணு இருக்குன்னு. அது அவங்கதான்னு பொறவு கேள்விப்பட்டேன். பாத்துச் சொல்லணும்னு இருந்தேன்."

அதை எங்கே போய்ச் சொல்வாள்? என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். உன் பேருக்கு வந்த சொல், ஏளா. கொடுக்க ஆளில்லாமல் நான் சுமந்துகொண்டு திரிகிறேன்.