தலை எண்ணும் அத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் இடுப்பைத் தவிர. நாள் முழுக்க நின்று தைத்து உன் காலில் வந்த வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். காகிதம் கசங்காமல் வந்து சேர்ந்தால் அது என் இஸ்திரிப் பெட்டியின் புண்ணியம். கையெழுத்து கோணலாக இருந்தால் அது நம் அப்பாவின் புண்ணியம், ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தினாரே.

போனில் பேசினால் சுற்றி நாலு காது நிற்கிறது, அதனால் உண்மையை எழுதி அனுப்பு என்றாய். இந்த மனுஷனால் இரண்டு பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று விடுமுறை முழுக்கக் கவனித்துச் சொல், முடியாதென்றால் பள்ளி திறக்கும்போது விடுதியில் சேர்த்துவிடுகிறேன், அந்தச் செலவுக்காக ஆலையில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுகிறேன் என்றாய். உன் மூத்த மகளே விடுதிக்குப் போகிறேன் என்று உன்னிடம் கேட்டாளாம். அப்பாவுக்கு எங்களை எண்ணத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது என்றாளாம். ஒன்பது வயதுக்கு என்ன பேச்சு! அப்படியே உன் வாய். சரி, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாய், யார் பக்கமும் சாயாமல் எழுதுகிறேன். அத்தானைக் கிண்டல் செய்வது மட்டும் கொழுந்தியாளாகப் பிறந்த எனக்குள்ள உரிமை. அதில் கை வைக்காதே.

முதல் வாரம் அத்தான் வீட்டுக்குள் எப்படி இருந்தார் தெரியுமா? பஸ் மாறி ஏறிவிட்ட ஆள் மாதிரி. பிள்ளைகளுக்காக மதிய ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டார், வாங்கிய பிறகு காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் டிப்போ சுவரில் நகராட்சி ஒட்டிய நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். விடுமுறை முழுக்கப் பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் எல்லாம் இலவசமாம். நூலகத்தில் கதை சொல்கிறார்கள், நீச்சல்குளத்தில் காலை நேரம் நமக்கு, அருங்காட்சியகம், தீயணைப்பு நிலையம், பூங்காவில் துணி கட்டிப் படம். டிக்கெட் டிக்கெட் என்று கத்தியே தொண்டை கட்டிய கண்டக்டர் மனுஷனுக்கு, டிக்கெட் இல்லாமல் ஊரைச் சுற்றலாம் என்றதும் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதல் நாள் உன் பிள்ளைகள் இரண்டு பேர்தான். அடுத்த நாள் தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றன. கையைக் காட்டினால் பஸ்ஸை நிறுத்தித்தானே பழக்கம்? ஏற்றிக்கொண்டார். இப்போது தெருவில் ஒன்பது உருப்படி அவர் பின்னால் போகிறது. வேலைக்குப் போகிற தாய்மார்கள் என் இஸ்திரி மேசைக்கு வந்து, உங்கள் அத்தான் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்றுமில்லாத நடுரோட்டில் விசில் ஊதி, "முன்னால போ, முன்னால போ, நடுவுல இடம் இருக்கு" என்கிறார் அக்கா. ஒவ்வொரு வாசலிலும் குச்சி மாதிரி பேனாவை நீட்டித் தலையைத் தட்டி எண்ணுகிறார். கணக்கு சரியானால் ஒரு விசில், அப்புறம் ரைட்.

தீயணைப்பு நிலையத்தில் குழாயைத் திறந்து பிள்ளைகள் மேல் மழை மாதிரி விட்டார்கள். இவரும் யூனிஃபார்மோடு உள்ளே போய் நின்றுவிட்டு, சொட்டச் சொட்ட வேலைக்குப் போனார். ஏறின ஆளெல்லாம் எங்கே மழை என்று கேட்டார்களாம். நீச்சல்குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், கூட்ட நேரத்துப் பயணி மாதிரி. சின்னவன், அதான் நம் வாண்டு, அவர் முதுகில் ஏறிக் குதிக்கிறான்.

பெரியவள்தான் ஒட்டமாட்டேன் என்கிறாள். நான் அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டேன். குளத்தின் அந்தக் கரையிலிருந்து கையாட்டினால் என்னைக் காற்றைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். பூங்காவில் எல்லோரும் பாயில் சாய்ந்து படம் பார்த்தால், அவள் மட்டும் துணிக்கு அடியில் போய்க் கழுத்தை ஒடித்துக்கொண்டு உட்காருகிறாள். கூப்பிட்டாலும் வருவதில்லை. விடுதிக்கென்று ஒரு பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஆனால் ஒன்று எழுதாவிட்டால் பாவம் வரும். அவளுக்குச் சடை பின்ன அத்தானுக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்கவும் மானம் விடவில்லை. ஒருநாள் சாப்பாடு கொடுக்க டிப்போவுக்குப் போனால், நிற்கிற பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மூன்று கயிற்றைக் கம்பியில் கட்டிப் பின்னிப் பின்னிப் பழகிக்கொண்டிருக்கிறார். கிண்டலை நாளைக்கு வைத்துக்கொண்டேன். சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை பாஸ். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

உன் வாயாடித் தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

இதை உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளைகள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். பெரியவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறாள்.

போன வாரம் நூலகத்தில் கதை முடிந்ததும் அத்தான் வழக்கம்போல வாசலில் நின்று தலை எண்ணினார். ஒன்பது. விசில், ரைட். தெருவுக்கு வந்து ஒவ்வொன்றாய் அவரவர் வாசலில் இறக்கிவிட்டார். நான் இஸ்திரி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வாண்டும், வாண்டின் கையைப் பிடித்தபடி நமக்குத் தெரியாத ஒரு பொடியனும் நின்றார்கள்.

அத்தான் குனிந்து, தம்பி நீ எங்கே ஏறினாய் என்று கேட்டார். அந்த நேரத்திலும் அவருக்கு அப்படித்தான் கேட்க வருகிறது. நூலகத்தில் என்றான். உன் அம்மா யார் என்றால், அவங்கதான் லைப்ரரி என்கிறான். நூலகக்கார அம்மாவின் மகன். விடுமுறை முழுக்கப் புத்தகத்துக்கு நடுவே அடைந்து கிடந்தவன், வரிசையைப் பார்த்ததும் வந்து நின்றுகொண்டான். கணக்கு சரி, ஆள் தப்பு. நம் மகாராணி அங்கே, அவன் இங்கே.

அத்தான் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். நான் பெட்டியை அணைத்துவிட்டு வாண்டை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முனையில் என் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்கள் நான் அவரை அடிக்கத்தான் துரத்துகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நூலகப் படியில் அந்த அம்மா தலையில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார். உன் மகள் பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நாங்கள் வருவது அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழாதீங்க ஆன்ட்டி. எங்கப்பாகிட்டதான் இருப்பான். எங்கப்பா தப்பா எண்ணிட்டா திரும்பி வருவாரு. யாரையும் நடு வழியில விட மாட்டாரு."

நானும் கேட்டேன், அத்தானும் கேட்டார். அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த அம்மா பிள்ளையைப் பிடுங்கி அணைத்துக்கொண்டு அத்தானைத் திட்டினார். திட்டத்தானே வேண்டும். அத்தான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். முடிந்ததும் படியில் உட்கார்ந்து, ஏன் வரிசையில் வரவில்லை என்று மகளிடம் கேட்டார். கடைசி அலமாரிக்கு அடியில் படித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் போனது தெரியவில்லை என்றாள். சாக்கு சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று ராத்திரி ஷிப்டு முடிந்ததும் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். "உங்க அக்காவுக்கு மறைக்காம எழுதிடும்மா. விடுதிதான் நல்லதுன்னு அவ சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். அன்று முழுக்க நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை. குறித்து வைத்துக்கொள்.

இத்தோடு ஊர்சுற்றல் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அதே ஒன்பது பேரோடு கிளம்பினார். ஆனால் பேனாவை வெளியே எடுக்கவில்லை. திரும்பும்போது வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நிமிர்த்திப் பார்த்து, இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போகிறார். பின்னால் நிற்கிறதுகள் கால் மாற்றிக் கால் நின்று முனகுகின்றன. தையல்காரர் மகளுக்குப் பல் ஆடுகிறது என்று அவள் அம்மாவுக்கே இவர்தான் சொன்னார்.

அப்படித்தான் நீச்சல்குள வாசலில் மகாராணியின் முறை வந்தது. சித்தி அந்தக் கரையில் நின்று கையாட்டினாளே, நீ ஏன் திரும்ப ஆட்டவில்லை என்று கேட்டார். அவள் அவரைப் பார்த்து, "சித்தி வந்திருக்காங்களா?" என்றாள்.

அக்கா, நான் கிளிப்பச்சைப் புடவையில் நின்றேன். என் உருவம் உனக்குத் தெரியும். மலையை மறைத்தாலும் என்னை மறைக்க முடியாது. அத்தான் எழுந்து என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். துணிக்கு அடியில் உட்கார்ந்து படம் பார்த்ததும், வரிசை போனது தெரியாததும், கையாட்டினால் காற்றைப் பார்க்கிற மாதிரி பார்த்ததும் எல்லாம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. திமிர் என்று நான் பெயர் வைத்தது திமிர் இல்லை.

அதே நோட்டீஸில் கீழே, நகராட்சி மருத்துவமனையில் பிள்ளைகளுக்கு இலவசக் கண் பரிசோதனை என்று இருந்ததாம். கதையும் படமும் பார்த்த ஜோரில் அதை விட்டுவிட்டிருக்கிறார். ஷிப்டுக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனார். நானும் போனேன். கண்ணாடியும் அங்கேயே கொடுத்துவிட்டார்கள். அக்கா, இந்த ஊரை நானும் எத்தனையோ திட்டியிருக்கிறேன், சாக்கடையைத் திட்டியிருக்கிறேன், தண்ணீர்க் குழாயைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் கும்பிடத் தோன்றியது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகாராணி முதலில் யாரைப் பார்த்தாள் தெரியுமா? அவள் அப்பாவை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "அப்பா, உங்களுக்கு மீசையில நரை இருக்கு" என்றாள். மனுஷன் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். மீசையை மறைக்கத்தான் மூடினார் என்று நீ நினைத்துக்கொள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

இப்போது தெருமுனையில் பஸ் திரும்பும்போதே போர்டைப் படித்துவிடுகிறாள். அப்பா டியூட்டி பார்க்கிற பஸ் என்றால் வாண்டையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். பூங்காவில் பாயில் எங்களோடு உட்காருகிறாள். விடுதியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை. ஆனால் நேற்று பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். விடுதிக்கென்று கட்டி வைத்திருந்த பையில் ஈரத் துண்டும் நீச்சல் உடுப்பும் கிடக்கின்றன. ஒரே நாற்றம். அத்தானுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரிகிறது, துவைக்கத்தான் இன்னும் தெரியவில்லை.

நீ கேட்ட உண்மையை எழுதிவிட்டேன். ஒருநாள் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார், அதுவும் உண்மை. விடுதிக்கும் ஆலைக்கும் என்ன பதில் சொல்ல வேண்டுமென்று உனக்குச் சொல்லித்தர எனக்குப் படிப்பு இல்லை.

இன்னும் ஒன்று மட்டும் எழுதுகிறேன். தினமும் எல்லாப் பிள்ளைகளையும் வீடு சேர்த்த பிறகு, அத்தான் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வாசலில் சற்று நேரம் நிற்கிறார். ஊதுவதில்லை. எல்லோரும்தான் இறங்கியாயிற்றே, இன்னும் யாருக்காக வண்டி நிற்கிறது என்று கேட்டேன், கிண்டலாகத்தான். தெருவைப் பார்த்தபடி, "இன்னும் ஒரு ஆள் வரணும்ல" என்றார். சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார். அடுப்பே பற்றவைக்கவில்லை அக்கா.

ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு. வீக்கம் வடியட்டும். நீ நல்லபடியாக இரு.

வாசலில் வண்டி நிற்கிறது என்பதை மறக்காதே.

உன் வாயாடித் தங்கை